பிரிந்து வாழ்வதால் மட்டும் ஓர் உயிரினம் இரண்டு சிற்றினங்களாக மாறிவிடுமா?

கரும்பலகை எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை நான். புவியியல் தனிமையால் புதிய சிற்றினம் தோன்றுவதை இத்தனை ஆண்டுகளாக ஒரே விதமாகத்தான் விளக்கி வந்திருக்கிறேன். ஒரு வட்டம் வரைவேன். அதற்குள் நிறையப் புள்ளிகள் இடுவேன். நடுவில் ஒரு கோடு கிழித்து, அது ஆறு என்றோ மலை என்றோ சொல்வேன். பிறகு இருபுறத்துப் புள்ளிகளின் நிறத்தையும் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போய், கடைசியில் கோட்டை அழித்துவிட்டு, "இனி இவை ஒன்றோடொன்று கலந்து இனம்பெருக்க இயலாது, ஆகவே இரண்டும் தனித்தனிச் சிற்றினங்கள்" என்று முடிப்பேன்.

சென்ற வாரம் ஒரு மாணவி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். "நிறம் மாறுவது புரிகிறது, அங்கே வெயில் வேறு, உணவு வேறு. ஆனால் கலந்து இனம்பெருக்க முடியாமல் போவதால் யாருக்கு நன்மை? சந்ததியைப் பெருக்கும் வாய்ப்பைக் குறைக்கின்ற ஒரு பண்பை இயற்கைத் தேர்வு எப்படி வளர்த்தெடுக்கும்? அதுவும், கோட்டுக்கு அப்பால் இருக்கும் கூட்டத்தை இவை பார்த்ததே இல்லையே. பார்த்திராத ஒன்றிடமிருந்து விலகிக்கொள்ள வேண்டிய தேவை என்ன?"

"காலப்போக்கில் வேறுபாடுகள் சேர்ந்துவிடும்" என்று விடை சொன்னேன். சொல்லும்போதே அது விடையாகாது என்று எனக்குத் தெரிந்தது. அவள் கேட்டதையே வேறு சொற்களில் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து யோசித்தபோது எனக்கே இன்னொரு ஐயமும் எழுந்தது. புதிய சிற்றினத்தின் முதல் உயிரி என்று ஒன்று இருந்திருக்குமானால், அது யாரோடு இணை சேர்ந்திருக்கும்? அடுத்த வாரம் அந்த மாணவிக்கு நேர்மையான விடை ஒன்றைக் கொண்டு செல்ல விரும்புகிறேன். அறிந்தவர்கள் உதவுங்கள்.

மரபணுத்தறி எழுதியது:

உங்கள் மாணவி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். டார்வினே இந்த இடத்தில் நின்று யோசித்தவர்தான். கலப்பினங்களின் மலட்டுத்தன்மையை இயற்கைத் தேர்வு ஒரு நன்மையாகக் கருதி வளர்த்திருக்க முடியாது என்றும், அது வேறு வேறுபாடுகளோடு ஒட்டிக்கொண்டு வரும் உடன்விளைவாகத்தான் இருக்க வேண்டும் என்றும் அவர் முடிவுக்கு வந்தார். ஆகவே "யாருக்கு நன்மை?" என்ற கேள்விக்கு நேரான விடை, யாருக்கும் இல்லை என்பதுதான். கலக்க இயலாமை யாரும் தேடிப் போய் அடைந்த ஒன்றன்று. தொடர்பில்லாத இரண்டு கூட்டங்கள் தத்தம் போக்கில் மாறிக்கொண்டு போனதில், தாமாகவே நேர்ந்துவிட்ட ஒன்று.

அப்படியானால் அது எந்த வழியில் நேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். மலட்டுத்தன்மையை ஒரே ஒரு மரபணுவின் மாற்றம் உண்டாக்குகிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு உதைக்கும். அந்த மாற்றத்தை முதலில் பெற்ற உயிரி, மாறாத தன் கூட்டத்தாருடன் இணைந்தே குட்டி ஈன வேண்டும். அந்தக் குட்டியோ பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் ஒருசேரச் சுமக்கும் கலப்புயிரி. அது மலடாக இருந்தால் மாற்றம் பிறந்த இடத்திலேயே முடிந்துபோகும். எனவே குறைந்தது இரண்டு மரபணுக்களாவது வேண்டும். மரபியலாளர் பேட்சன் 1909-இல் இதைச் சுருக்கமாகச் சொல்லிவைத்தார். பின்னர் டோப்ஷான்ஸ்கியும் முல்லரும் விரித்துரைத்தார்கள். இன்று இது பின்னவர்கள் இருவரின் பெயரால்தான் வழங்குகிறது.

கரும்பலகையில் இப்படி எழுதிக் காட்டலாம். மூதாதைக் கூட்டத்தில் எல்லா உயிரிகளிலும் முதல் மரபணு "க", இரண்டாவது "ச" என்று கொள்ளுங்கள். கோடு விழுகிறது. இடப்புறத்தில் "க" என்பது நாளடைவில் "கா" ஆகிறது. இடையில் "க"வும் "கா"வும் கலந்தே இருந்த காலத்திலும் எவருக்கும் தீங்கு இல்லை, ஏனெனில் "கா" என்பது "ச"வோடு நன்றாக ஒத்துப்போகிறது. ஒத்துப்போயிருக்காவிட்டால் அது பரவியிருக்கவே முடியாது. வலப்புறத்தில் "க" அப்படியே இருக்க, "ச" என்பது "சா" ஆகிறது. அங்கும் தொல்லை இல்லை. ஒவ்வொரு புறத்திலும் ஒவ்வொரு படியையும் இயற்கைத் தேர்வு தட்டிப் பார்த்துத்தான் அனுமதித்திருக்கிறது. ஆனால் "கா"வும் "சா"வும் ஒரே உடலுக்குள் ஒருநாளும் சந்தித்ததில்லை. கோடு அழிந்து இருபுறத்தாரும் இணையும் அன்றுதான் அந்தச் சேர்க்கை முதன்முதலாகச் சோதனைக்கு வருகிறது. அது ஒத்துப்போக வேண்டும் என்று யாரும் உறுதியளித்திருக்கவில்லை.

இதற்குக் கண்ணால் காணத்தக்க சான்று மீன் தொட்டிகளிலேயே கிடைத்தது. பிளாட்டி மீன்களில் சிலவற்றின் உடலில் கரும்புள்ளிகள் உண்டு. அந்த நிறமிச் செல்களை அளவுக்கு மீறிப் பெருகத் தூண்டக்கூடிய ஒரு மரபணு அவற்றிடம் இருக்கிறது. அதை அடக்கி வைக்கும் இன்னொரு மரபணுவும் அவற்றிடமே இருக்கிறது. அதனால் அது வெறும் புள்ளியாகவே நின்றுவிடுகிறது. அதன் நெருங்கிய உறவான வாள்வால் மீனிடம் தூண்டுவதும் இல்லை, அடக்குவதும் இல்லை. இரண்டையும் கலந்து, பிறந்த கலப்பினத்தை மீண்டும் வாள்வால் மீனுடன் இணைத்தால், குஞ்சுகளில் ஒரு பங்கிற்குத் தூண்டும் மரபணு வந்து சேர்கிறது, அடக்கும் மரபணு வராமல் போகிறது. அந்தக் குஞ்சுகளின் உடலில் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் மெலனோமா என்னும் கரும்புற்று வளர்ந்து அவற்றைக் கொன்றுவிடுகிறது. தாய் நலம், தந்தை நலம், இரண்டின் மரபணுக்களிலும் எந்தக் குறையும் இல்லை. சேர்க்கை மட்டுமே நஞ்சாகிவிட்டது. 1920-களிலிருந்தே ஆய்வாளர்கள் அறிந்த செய்தி இது.

இன்னொன்றையும் மாணவியிடம் சொல்லுங்கள். இரு கூட்டங்களும் 10 மரபணுக்களில் வேறுபட்டால், சோதிக்கப்படாத இணைகள் 45. வேறுபாடு 20 மரபணுக்களானால் இணைகள் 190. வேறுபாடு இருமடங்கு ஆகும்போது, முரண்பட வாய்ப்புள்ள சேர்க்கைகள் நான்கு மடங்குக்கும் மேலாகப் பெருகுகின்றன. "காலப்போக்கில் சேர்ந்துவிடும்" என்று நீங்கள் சொன்னது தவறில்லை. அது சேரும் வேகமே காலத்தோடு கூடிக்கொண்டு போகிறது என்பதுதான் விடுபட்டுப்போயிற்று.

அலைவாய் எழுதியது:

மேலே உள்ள விளக்கத்தில் எனக்கு முழு உடன்பாடு. எனினும் மரபணு முரண்பாட்டை மட்டும் சொன்னால், பிரிவு என்பது எப்போதும் கருவிலோ குட்டியிலோதான் வெளிப்படும் என்று மாணவர்கள் எண்ணிவிடக்கூடும். பெரும்பாலும் அதற்கு வெகு முன்னரே, இணையைத் தேர்ந்துகொள்ளும் இடத்திலேயே அது தொடங்கிவிடுகிறது.

1989-இல் டயான் டாட் வெளியிட்ட சோதனை இதற்கு மிகப் பொருத்தமானது. டிரோசோபிலா என்னும் பழ ஈக்களின் ஒரே மூலக் கூட்டத்திலிருந்து எட்டுக் கூட்டங்கள் பிரிக்கப்பட்டன. நான்கு கூட்டங்கள் ஸ்டார்ச் கலந்த உணவிலும், நான்கு கூட்டங்கள் மால்ட்டோஸ் கலந்த உணவிலும் பல தலைமுறைகள் வளர்க்கப்பட்டன. பிறகு எல்லாவற்றையும் ஒரு தலைமுறை பொதுவான உணவில் வளர்த்து, ஒன்றாக விட்டுப் பார்த்தார். ஸ்டார்ச் ஈக்கள் பெரும்பாலும் ஸ்டார்ச் ஈக்களையே நாடின. மால்ட்டோஸ் ஈக்கள் மால்ட்டோஸ் ஈக்களை. ஆனால் இரண்டு தனித்தனி ஸ்டார்ச் கூட்டங்களை ஒன்றாக விட்டபோது அவற்றுக்குள் அத்தகைய பாகுபாடு காணப்படவில்லை. அதாவது, பிரிந்திருந்தது மட்டும் காரணமன்று. வேறு உணவுக்கு உடல் பழகியபோது, இணைத் தேர்வும் கூடவே நகர்ந்துவிட்டது. யாரையும் விலக்க வேண்டும் என்று அந்த ஈக்களை எவரும் பழக்கவில்லை. உங்கள் மாணவி கேட்டதற்கு ஆய்வகத்தில் கிடைத்த விடை இது. அவை இன்னும் ஒரே சிற்றினம்தான். முதற்படியை மட்டுமே நாம் பார்க்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இயற்கையில் இதே சோதனை பனாமாவில் நடந்திருக்கிறது. வட, தென் அமெரிக்காக்களை இணைக்கும் நிலப்பாலம் மெல்ல உயர்ந்து, ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முழுமையாக மூடிக்கொண்டது; அதுவரை ஒன்றாக இருந்த கடல் பசிபிக் என்றும் கரீபியன் என்றும் பிரிந்தது. அந்த நீரில் ஒரு பெரிய கொடுக்கைச் சொடுக்கி ஓசை எழுப்பும் சிறிய இறால்கள் வாழ்கின்றன. நான்சி நோல்ட்டனும் உடன் ஆய்வாளர்களும் இருபுறத்திலிருந்தும், புறத்துக்கு ஒன்றாக, பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும் ஏழு இணைச் சிற்றினங்களைச் சேகரித்து, ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விட்டுப் பார்த்து 1993-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெவ்வேறு கடல்களிலிருந்து வந்த ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று பொறுத்துக்கொள்ளும் தன்மை குறைந்திருந்தது. பிழைக்கத்தக்க முட்டைத் தொகுதி கிடைத்தது நூற்றில் ஏறத்தாழ ஒரு முறைதான்.

நான் வியந்தது இதைவிடச் சிறிய ஒரு செய்தியை. ஏழு இணைகளும் ஒரே அளவில் விலகியிருக்கவில்லை. ஆழ்ந்த நீரில் வாழ்பவை அதிகம் விலகியிருந்தன. சதுப்பு நில மரங்களின் வேர்களுக்கிடையே ஆழமற்ற நீரில் வாழ்பவை மிகக் குறைவாக விலகியிருந்தன. நிலம் உயரும்போது ஆழ்நீர் வழிதான் முதலில் அடைபடும், கரையோரச் சேற்று நீர் கடைசிவரை கசிந்துகொண்டிருக்கும். நம் கரும்பலகையில் ஒரே கணத்தில் கிழிக்கும் அந்தக் கோடு, உண்மையில் ஒவ்வோர் உயிரினத்துக்கும் ஒவ்வொரு காலத்தில் விழுந்திருக்கிறது.

அதுபோலவே, எது கோடு என்பதும் உயிரினத்தைப் பொறுத்தது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் இரு விளிம்புகளிலும் வாழும் தரை அணில்களில், தென்புறத்தில் ஒரு சிற்றினமும் வடபுறத்தில் இன்னொன்றும் இருக்கின்றன. பறவைகளுக்கோ அந்தப் பள்ளம் ஒரு தடையே இல்லை. காங்கோ ஆற்றின் வடக்கே சிம்பன்சிகளும் தெற்கே போனோபோக்களும் வாழ்கின்றன; நீந்தத் தெரியாத அவற்றுக்கு அந்த ஆறு ஒரு கடல். தடை முழுமையாக இருக்க வேண்டியதும் முக்கியம். தலைமுறைக்குச் சராசரியாக ஓர் உயிரி கடந்து வந்து இனம்பெருக்கினாலே, தற்செயலான மரபியல் நகர்வால் மட்டும் இரு கூட்டங்களும் பெரிதாக விலகிவிட முடியாது என்று மரபியலாளர் சீவல் ரைட்டின் கணக்கு காட்டுகிறது.

இலைநரம்பு எழுதியது:

நண்பர் மரபணுத்தறி சொன்ன கணக்கு சரி, ஆனால் அதைக் கேட்கும் மாணவர், நீண்ட காலம் பிரிந்திருந்தால் கட்டாயம் கலக்க முடியாமல் போய்விடும் என்று எடுத்துக்கொள்வார். அங்கே நான் சற்று மறுக்க வேண்டியிருக்கிறது. "வாய்ப்பு கூடுகிறது" என்பதுதான் கணக்கு; "நிகழ்ந்தே தீரும்" என்பதன்று.

அமெரிக்கப் பிளேன் மரமும் கீழைத் தேயத்துப் பிளேன் மரமும் ஒரு பெருங்கடலின் இருபுறமும் பல லட்சம் ஆண்டுகள் தனித்தனியே வளர்ந்தவை. 17-ஆம் நூற்றாண்டளவில் மனிதர் அவற்றை ஐரோப்பாவில் அருகருகே நட்டபோது, இரண்டும் தயக்கமின்றிக் கலந்தன. பிறந்த கலப்பினம் வீரியமானது, முளைக்கும் விதைகளைத் தருவது; இன்று லண்டன் வீதிகளில் நிழல் தருவது அதுதான். இதைவிட வியப்பான ஒன்று 2020-இல் ஹங்கேரியில் நேர்ந்தது. ரஷ்ய ஸ்டர்ஜன் மீனின் முட்டைகளோடு, கருவுறுதல் நிகழாது என்ற எண்ணத்தில், அமெரிக்கத் துடுப்பு மீனின் விந்தணுக்களைச் சேர்த்தார்கள். நூற்றுக்கணக்கான கலப்பினக் குஞ்சுகள் பிறந்து வளர்ந்தன. அவ்விரு மரபுவழிகளும் பிரிந்து 18 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன.

இன்னொரு புறத்தில், சுவர் நிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வட அமெரிக்காவில் ஹாத்தார்ன் செடியின் பழங்களில் முட்டையிட்டு வாழ்ந்த ஓர் ஈ, குடியேறியவர்கள் கொண்டுவந்த ஆப்பிள் மரத்துக்கு 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தாவியது. இந்த ஈக்கள் தாம் பிறந்த வகைப் பழத்தையே தேடிச் சென்று, அந்தப் பழத்தின் மேலேயே இணை சேர்கின்றன. ஆப்பிள் சில வாரங்கள் முன்னதாகப் பழுக்கிறது, ஈயின் வாழ்நாளோ குறுகியது. இரண்டு மரங்களும் ஒரே தோட்டத்தில் நின்றாலும், அவற்றின் ஈக்களுக்கிடையே நாட்காட்டி ஒரு சுவர் எழுப்பியிருக்கிறது. சுவரில் இன்னும் ஓட்டைகள் உண்டு, சிறிதளவு கலப்பு தொடர்கிறது. என்றாலும் தேர்வின் அழுத்தம் வலுவாக இருப்பதால், ரைட்டின் கணக்கையும் மீறி வேறுபாடு நிலைத்து நிற்கிறது.

இனி உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான உயிரினங்களில் முதல் உயிரி என்று ஒன்று இல்லவே இல்லை. அதை வேறு யாரேனும் என்னைவிட நன்றாக விளக்குவார்கள். ஆனால் தாவரங்களில் மெய்யாகவே முதல் உயிரி உண்டு, அதற்குப் பிரிவும் தேவையில்லை, நெடுங்காலமும் தேவையில்லை. ஐரோப்பாவிலிருந்து டிராகோபோகன் என்னும் பேரினத்தின் மூன்று சிற்றினங்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்குச் சென்று சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் 12 குரோமோசோம்கள். அவை கலந்து பிறந்த செடிகள் பெரும்பாலும் மலடு, ஏனெனில் தாய்வழிக் குரோமோசோமுக்குத் தந்தைவழியில் சரியான சோடி கிடைப்பதில்லை. ஆயினும் சில கலப்பினங்களில் குரோமோசோம் தொகுதி முழுவதும் இரட்டித்து 24 ஆகிவிட, ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தன்னையே ஒத்த சோடி கிடைத்துவிட்டது. மேரியன் ஓன்பி இவற்றைக் கண்டறிந்து, இரண்டு புதிய சிற்றினங்களாக 1950-இல் விவரித்தார். பெற்றோர்ச் செடியோடு திரும்பக் கலந்தால் 18 குரோமோசோம்கள் கொண்ட மலட்டுச் செடிதான் வரும். அப்படியானால் முதல் செடி யாரோடு இணைந்தது? தன்னோடுதான். தன் மகரந்தத்தைத் தன் சூல்முடியிலேயே ஏற்றுக்கொள்ளக் கூடிய செடிக்கு இணையைத் தேடும் கவலை இல்லை.

கரும்பலகை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. "கா"வும் "சா"வும் சந்தித்ததே இல்லை என்ற வரியைப் படித்தபோது, இத்தனை ஆண்டுகள் எதைச் சொல்லாமல் விட்டேன் என்பது விளங்கியது. எனினும் ஒன்று கேட்க வேண்டும். நான் கோட்டை அழிக்கும் அந்தக் கடைசிக் காட்சியில் என்ன நடக்கிறது? முழுதும் பிரியாத நிலையில் இரு கூட்டங்களும் மீண்டும் சந்தித்துவிட்டால் அவை திரும்ப ஒன்றாகிவிடுமா, அல்லது பிரிவு முற்றுமா? முதல் உயிரி பற்றிய கேள்வியும் விலங்குகளைப் பொறுத்தவரை நிலுவையில் நிற்கிறது.

கதிர்க்குருவி எழுதியது:

பறவைகளை நெடுநாள் கவனித்து வருபவன் என்பதால் இதில் நான் பேச விரும்புகிறேன். நிலுவையில் இருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பச்சைக் கதிர்க்குருவி இமயமலைச் சரிவுகளில் வாழ்கிறது. திபெத்தியப் பீடபூமி அதற்கு உகந்த இடமன்று. ஆகையால் அதன் பரப்பு பீடபூமியின் மேற்குப் பக்கமாக ஒரு கையையும் கிழக்குப் பக்கமாக ஒரு கையையும் நீட்டி, சைபீரியக் காடுகளில் இரண்டு கைகளும் சந்திக்கும் ஒரு வளையமாக அமைந்திருக்கிறது. டேரன் இர்வினும் அவருடன் ஆய்ந்தவர்களும் வளையம் நெடுகிலும் பாட்டுகளைப் பதிவுசெய்தார்கள். இரண்டு கைகளிலும் வடக்கே போகப்போகப் பாட்டு நீண்டு, சிக்கலாகிக்கொண்டே போகிறது, ஆனால் வெவ்வேறு விதமாக. அடுத்தடுத்த இடங்களில் வேறுபாடு மிகக் குறைவு. சைபீரியாவில் சந்திக்கும் இரண்டு முனைகளிலோ, ஒன்றின் பாட்டை மற்றொன்று தன் இனத்தின் பாட்டாக ஏற்பதில்லை. இரண்டும் பொதுவாகக் கலப்பதும் இல்லை. பின்னாளில் மரபணுத்தொகுதியை ஆராய்ந்தபோது வளையம் எல்லாக் காலத்திலும் இடைவிடாமல் இருந்ததில்லை, நடுவே பழைய முறிவுகள் உண்டு என்று தெரியவந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் உங்கள் கேள்விக்கு இந்த வளையம் உதவும். இமயத்திலிருந்து நடந்து போகும் ஒருவர் எந்த மரத்தடியில் நின்று "இதோ, இங்கிருந்து வேறு சிற்றினம்" என்று சொல்வார்? சொல்ல முடியாது. ஒவ்வொரு குருவியும் பக்கத்துக் குருவியோடு இணைய வல்லதே. இடத்தில் விரிந்து கிடக்கும் இந்தத் தொடரைக் காலத்தில் விரித்துப் பாருங்கள்: ஒவ்வொரு குஞ்சும் தன் பெற்றோரின் சிற்றினத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது, ஆனாலும் முனைகள் விலகிவிட்டன.

இதற்கு விதிவிலக்காக, ஏறத்தாழ ஒரு முதல் உயிரியையே கண்ணால் பார்த்த ஒரு நிகழ்வும் உண்டு. காலபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னே மேஜர் என்னும் சிறு தீவில் பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் 1973 முதல் ஃபிஞ்ச் குருவிகளைக் கால்வளையம் இட்டு, ஒவ்வொன்றாகத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். 1981-இல், 100 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள எஸ்பனோலா தீவிலிருந்து ஓர் ஆண் வந்து சேர்ந்தது. உடல் பெரிது, அலகு பெரிது, பாட்டும் அத்தீவில் எவரும் பாடாத பாட்டு. அது உள்ளூர்ச் சிற்றினப் பெண்ணுடன் இணைந்தது. அதன் ஆண் குஞ்சுகள் தந்தையிடம் அந்த அயல் பாட்டைக் கற்றுக்கொண்டன. பின்வந்த தலைமுறைகள் தமக்குள்ளேயே இணை சேரத் தொடங்கிவிட்டன. இடையில் வந்த கொடிய வறட்சியில் அந்தக் குடியில் எஞ்சியவை ஒரே கூட்டில் தோன்றிய ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டுமே. அவை இரண்டிலிருந்தும் குடி மீண்டும் தழைத்தது. தனிமை உண்டாக மூன்று தலைமுறைகளே பிடித்தன. அதைக் காத்தது மலையோ கடலோ அன்று, ஒரு பாட்டும் ஓர் அலகும்தான். இதை நான் எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை.

கோடு அழியும்போது என்ன ஆகும் என்பதற்கு இரண்டு விதமான விடைகளும் உண்மையாகவே கிடைக்கின்றன. ஒன்றாகிவிடுவதற்குச் சான்று விக்டோரியா ஏரி. அங்கே நூற்றுக்கணக்கான சிக்லிட் மீன் சிற்றினங்கள் உண்டு. சிலவற்றில் நெருங்கிய உறவுள்ள இரண்டு சிற்றினங்களைப் பிரித்து வைப்பது, ஆணின் உடல் சிவப்பா நீலமா என்று பெண் பார்த்துத் தேர்ந்தெடுப்பது மட்டுமே. கரையோர நிலங்களிலிருந்து வரும் மண்ணும் உரமும் நீரைக் கலக்கியபோது நிறம் தெரியாமல் போயிற்று. பெண்கள் தவறாகத் தேர்ந்தன. தெளிந்த நீரில் இரண்டாக இருப்பவை கலங்கிய நீரில் இடைநிறம் கொண்ட ஒரே கூட்டமாகிவிட்டன. ஓலே சேஹௌசனும் சக ஆய்வாளர்களும் இதை 1997-இல் வெளியிட்டார்கள். கொல்லாமலே ஒரு சிற்றினத்தை இல்லாமல் ஆக்கிவிட முடியும் என்பது எனக்கு இன்றும் நெஞ்சை உறுத்தும் செய்தி.

பிரிவு முற்றுவதற்குச் சான்று ஐரோப்பாவின் ஈப்பிடிப்பான்கள். இரண்டு சிற்றினங்களின் ஆண்களும் தனித்தனியே வாழும் இடங்களில் கறுப்பு வெள்ளையாக, ஒன்றுபோலவே இருக்கின்றன. இரண்டும் ஒன்றாக வாழும் நடு ஐரோப்பாவில் மட்டும், ஒன்றின் ஆண்கள் மங்கிய பழுப்பு நிறத்தில் இருக்கின்றன; பெண்களும் அந்த நிறத்தை அடையாளமாகக் கொண்டு தம் இனத்தாரைத் தேர்கின்றன. கலப்பினக் குஞ்சுகள் நலிந்தவை என்பதால், தவறான இணையைத் தவிர்க்கும் பெண்ணுக்குத்தான் பேரக்குஞ்சுகள் அதிகம். ஆசிரியை அவர்களே, உங்கள் மாணவி "யாருக்கு நன்மை?" என்று கேட்டாளே, அந்தக் கேள்விக்கு "இவளுக்கு" என்று கைகாட்டக்கூடிய ஒரே இடம் இதுதான். கோடு இருக்கும்வரை விலகுவதில் எவருக்கும் நன்மை இல்லை. கோடு அழிந்து, கலப்பினம் நலியும் நிலையில்தான் விலகுவதே நன்மையாகிறது. அப்போதுதான் இயற்கைத் தேர்வு நேரடியாக அதன்மேல் வேலை செய்ய முடிகிறது.

கரும்பலகை எழுதியது:

வகுப்பை முடித்துவிட்டு எழுதுகிறேன். வட்டம் வரையவில்லை. ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு கட்டு அட்டைகள் கொடுத்தேன். ஒவ்வொரு கட்டிலும் 12 எழுத்துகள், தொடக்கத்தில் இரண்டு கட்டுகளும் ஒன்றேதான். நடுவில் ஒரு பலகையை நிறுத்திவைத்து, ஒவ்வொரு புறத்தாரும் மூன்று முறை, எதிர்ப்புறத்தார் தொடாத ஓர் எழுத்தை மாற்றச் சொன்னேன். பிறகு பலகையை எடுத்துவிட்டு, மாறிய ஆறு இடங்களிலிருந்து கிடைக்கும் 15 இணைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தோம். ஒவ்வோர் இணைக்கும் இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். இரண்டிலும் ஆறு விழுந்தால் அது முரண்படும் சேர்க்கை.

இரண்டு குழுக்களில் முரண்பாடு வந்தது. மூன்று குழுக்களில் எதுவும் வரவில்லை. கேள்வி கேட்ட மாணவி அந்த மூன்றில் ஒன்றில் இருந்தாள். விளையாட்டு தோற்றுவிட்டதா என்று ஏமாற்றத்தோடு கேட்டாள். தோற்கவில்லை, உன் கையில் இருப்பது பிளேன் மரம் என்று சொன்னேன். அவள் விடவில்லை: "அப்படியானால் இன்னும் எத்தனை முறை மாற்றினால் பிரியும்?"

மரபணுத்தறி எழுதியது:

பலகையை மீண்டும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு புறமும் இன்னும் மூன்று முறை மாற்றச் சொல்லுங்கள். மாறிய இடங்கள் 12 ஆகும், இணைகள் 66 ஆகும். உங்கள் பகடை விதிப்படி, 15 இணைகளில் ஒரு முரண்பாடும் வராமல் தப்புவதற்கு நூற்றுக்கு ஏறத்தாழ 65 வாய்ப்பு இருந்தது. 66 இணைகளில் அது ஏறத்தாழ 16 ஆகச் சுருங்கிவிடும். எத்தனையாவது மாற்றத்தில் பிரியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆனால் அவளே உருட்டிப் பார்க்கலாம். கூடவே இன்னொரு குழுவிடம், ஒவ்வொரு சுற்றிலும் பலகைக்கு அடியில் ஓர் அட்டையை மறுபுறம் நகர்த்தி, அங்கே அதே இடத்தில் இருக்கும் அட்டைக்குப் பதிலாக வைக்கச் சொல்லுங்கள். மாறிய இடங்களைக் கடைசியில் எண்ணிப் பார்க்கும் வேலையை மாணவர்களிடமே விட்டுவிடுங்கள்.